தகவற்சட்டத்தைப் பழுதுபார்ப்பதும் ஆய்வுப்பணியே

சென்ற மாதம் முதுகலை மாணவர் ஒருவர் தம் கருத்தரங்கக் கட்டுரையைப் படித்துப் பார்க்குமாறு என்னிடம் கொடுத்தார். பொருள் காந்தளூர்ச்சாலை. முதற்பக்கத்திலேயே 'நிகழ்வு: கடற்போர், இடம்: வலியசாலை, முடிவு: சோழர் வெற்றி' என்று மூன்று வரிகளில் செய்தியை முடித்திருந்தார். சான்று எது என்று வினவினேன். தமிழ் விக்கிப்பீடியாவில் என் மணல்தொட்டியில் பயிற்சிக்காக நான் வரைந்து, மாணவர்களோடு பகிர்ந்திருந்த தகவற்சட்டத்தைக் காட்டினார். தவறு அவருடையதன்று; என்னுடையது.

நான் குடியிருப்பது வலியசாலையில். காந்தளூர் மகாதேவர் கோயில் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. சாலை என்னும் சொல் இன்றைய தமிழில் பாதையைக் குறிப்பினும், இவ்வூர்ப் பெயரில் அதற்கு வேறொரு பழம்பொருள் உண்டு என்பதை மொழியியல் படித்த நான் அறிவேன். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு, பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு அமைக்கப்பட்ட சாலையைப் பற்றிப் பேசுகையில் காந்தளூரின் ஒழுங்கை முன்மாதிரியாகச் சுட்டுகிறது. முதலாம் இராசராசனின் (985–1014) மெய்க்கீர்த்தியோ, காந்தளூர்ச்சாலையில் 'கலம்' தொடர்பான ஒரு செயலை அவன் வெற்றிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அக்கலம் மரக்கலமா, உண்கலமா என்பது நூறாண்டு கடந்த விவாதம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்து எழுதியுள்ளார். இடமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. வலியசாலையே என்போர் உளர், விழிஞ்ஞத்தை ஒட்டியது என்போரும் உளர். இவ்வளவும் அறிந்த நான், 'கடற்போர்' என்று எப்படி எழுதினேன்?

விடை எளிது. போர்களுக்கான தகவற்சட்ட வார்ப்புரு கைவசம் இருந்தது. அது நாள் கேட்டது, இடம் கேட்டது, முடிவு கேட்டது. கேட்டவற்றை நிரப்பினேன். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. அந்த வார்ப்புருவின் படியொன்றைச் சரியாக இயங்க வைக்க இரண்டு இரவுகள் போராடியிருந்தேன். பிழைகள் எல்லாம் நீங்கிப் பெட்டி ஒழுங்காகத் தெரிந்தபோது, உள்ளடக்கமும் ஒழுங்காகிவிட்டதாக எண்ணிவிட்டேன்.

பகிர்ந்து பயன்படுத்தும் வார்ப்புருக்களில் இருவகைப் பழுதுகள் உள்ளன என்பதை இந்நிகழ்வு எனக்குக் கற்பித்தது. ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றொன்று தெரியாதது. முதல்வகையைப் பழுதுபார்ப்போர் சிலர் இருக்கிறார்கள். இரண்டாம்வகையைப் பழுதுபார்க்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கும் நாம். நாம் அதைச் செய்வதில்லை என்பதே என் குறை.

முதல்வகையை முதலில் பார்ப்போம். அதை அறியாதவர் இரண்டாவதை அணுக முடியாது. ஒரு வார்ப்புரு ஓரிடத்தில் எழுதப்பட்டுப் பல பக்கங்களில் தோன்றுவது. ஆகவே அதில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் அத்தனை பக்கங்களும் பிறழும். மூன்று நெளிவடைப்புக்குறிகளுக்குள் வரும் அளவுருப் பெயரை அடுத்து ஒரு செங்குத்துக்கோடு இடத் தவறினால், அந்த அளவுரு எழுதப்படாத பக்கங்களில் எல்லாம் பெயரே அடைப்புக்குறிகளோடு வாசகர்முன் வந்து நிற்கும். ஆங்கிலத்திலிருந்து கொண்டுவந்த வார்ப்புரு, தான் சார்ந்திருக்கும் துணை வார்ப்புருக்கள் இங்கு இல்லையெனில் சிவப்பு இணைப்புகளைக் காட்டும். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் வார்ப்புருக்களைத் தனியே வைத்திருப்பதால் இது நேர்கிறது. 2013 முதல் பல வார்ப்புருக்கள் லுவா நிரல்களைச் சார்ந்து இயங்குவதால், அந்நிரல்களையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவிலிருந்து மதிப்பைப் பெறும் பெட்டியாயின், பிழை தமிழ்ப் பக்கத்தில் இராது. எவ்வளவு தேடினாலும் அங்குக் கிடைக்காது. திருத்தம் செய்த பின்னும் சில பக்கங்கள் பழைய தோற்றத்தையே சிறிது நேரம் காட்டும். அதைக் கண்டு அஞ்சி, சரியானதை மீண்டும் 'திருத்திக்' கெடுத்தவர்கள் உண்டு. நானும் அவ்வாறு செய்திருக்கிறேன்.

தமிழுக்கே உரிய பழுதுகளும் உள்ளன. 'கௌ' என்பதை ஔகாரக் குறியிட்டும் எழுதலாம். எகரக் கொம்பும் 'ள'கரமும் சேர்த்தும் எழுதிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறுவேறு குறியீட்டுத் தொடர்கள். 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தும் அவ்வாறே. அதனடியில் இருப்பது 'ஸ'வா 'ஶ'வா என்பதைப் பார்வையால் கூற இயலாது. அளவுருப் பெயரில் இவற்றுள் ஒன்று வந்தால், பயனர் சரியாக நிரப்பிய வரி காரணமின்றி மறைந்துபோகும். எழுத்துக்கும் ஒலிக்கும் குறியீட்டுக்கும் இடையேயுள்ள இந்த உறவு நம் பாடத்திட்டத்தில் இருக்கும் பொருள்தானே? ஆயினும் இதைக் கண்டறிந்து சரிசெய்வோர் பெரும்பாலும் நம் துறையினர் அல்லர்.

இனி இரண்டாம்வகை. பெட்டி பிழையின்றி இயங்குகிறது. ஆனால் தவறான வினாவைக் கேட்கிறது. மொழிகளுக்கான தகவற்சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 'பேசுவோர்' என்ற வரியில் தமிழுக்கு ஓர் எண் இடவேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஏறத்தாழ 6.9 கோடிப் பேரைத் தமிழின்கீழ்க் காட்டுகிறது. ஆனால் கணக்கெடுப்பில் 'மொழி' என்பது ஒரு தொகுப்புத் தலைப்பு. மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் அதன்கீழ் வகைப்படுத்தப்படுகின்றன. மொழியியலார் பலர் தனிமொழியாகக் கருதும் எருகலாவும் தமிழ் என்னும் தலைப்பின்கீழ்தான் எண்ணப்பட்டுள்ளது. இத்தகைய சட்டங்கள் எண்ணையும் ஆண்டையும் மேற்கோளையும் கேட்கின்றன. எந்தெந்தத் தாய்மொழிகளைக் கூட்டி அவ்வெண் கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்கப்படாத வினாவுக்கு விடை எழுத இடமில்லை. எருகலா பேசுவோர் அந்தப் பெட்டிக்குள் சுவடின்றி மறைகின்றனர்.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், எதைச் சொல்வது, எதை விடுவது என்ற பொறுப்பு பெயர் தெரிந்த அறிஞர்களிடம் இருந்தது. இன்று அப்பொறுப்பின் ஒரு பகுதி வார்ப்புருவின் வரிகளுக்குப் போய்விட்டது. அவ்வரிகளைப் பெரும்பாலும் நாம் எழுதவில்லை, கொண்டுவந்தோம். மேலும், அவற்றைப் படிப்போர் மனிதர் மட்டுமல்லர். 2007 முதலே டிபிபீடியா என்னும் திட்டம் தகவற்சட்டங்களிலிருந்து தரவைப் பிரித்தெடுத்து வருகிறது. கட்டுரையின் ஐந்தாம் பத்தியில் நாம் பணிவோடு எழுதும் 'ஐயத்திற்குரியது' என்னும் சொல் பெட்டிக்குள் இடம்பெறாது. வெளியே பயணம் செய்வது பெட்டிதான்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அது வலிமையானதும்கூட. 'ஆங்கில வார்ப்புருவை அப்படியே பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பது எளிது, பராமரிப்பது எளிது. ஆர்வலர்கள் சிலர் தம் ஓய்வுநேரத்தில் காக்கும் ஒரு களத்தில், ஒவ்வொரு துறைக்கும் தனிச்சட்டம் கேட்பது பேராசை' என்பர். ஏற்கிறேன். தனிச்சட்டங்கள் பெருகினால் பழுதுகளும் பெருகும். ஆனால் நான் கேட்பது புதுச்சட்டங்களை அன்று. இருக்கும் சட்டத்திலேயே தமிழ் அளவுருப் பெயரை முதலில் தேடி, அது இல்லையெனில் ஆங்கிலப் பெயரை ஏற்குமாறு எழுதலாம். இருவழியில் வரும் பக்கங்களும் இயங்கும். கருத்து வேறுபாடுள்ள வரிகளுக்கு 'பிற கருத்துகள்' என்று ஒரு வரி சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வரியை வெறுமையாக விடுவதும் நேர்மையான விடையே என்பதை வார்ப்புருவின் விளக்கப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். சிவாலயங்களுக்கான தமிழ்த் தகவற்சட்டத்தில் தல விருட்சத்துக்கும் தீர்த்தத்துக்கும் வரிகள் அமைந்தது, கோயிலை அறிந்தவர் ஒருவர் வார்ப்புருவிலும் கைவைத்ததால்தான்.

ஆகவே துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. மாணவர்களைக் கட்டுரை எழுதப் பணிக்கிறோம், எண்ணிக்கை உயர்கிறது. ஒரு பருவத்தில் ஒரு வகுப்பு, ஒரே ஒரு வார்ப்புருவை எடுத்து ஆராயட்டும். அது என்ன கேட்கிறது, எதைக் கேட்க மறுக்கிறது, நிரப்பப்பட்ட விடைகளுள் எவை சான்றுடையவை என்று பார்க்கட்டும். மாற்றத்தை மணல்தொட்டியில் செய்து, எல்லா வரிகளும் நிரம்பிய பக்கம், சில வரிகளே உள்ள பக்கம், பழைய அளவுருப் பெயர்களைத் தாங்கிய பக்கம் என மூன்றிலும் சோதிக்கட்டும். பின்னர் ஆலமரத்தடியில் முன்வைத்து, பிறர் கருத்தைக் கேட்ட பிறகே மூல வார்ப்புருவைத் தொடட்டும். இதற்கு மதிப்பெண் வழங்குவதில் தடை என்ன? ஒரு கல்வெட்டுச் சொல்லின் பொருளை ஆராய்வதற்கும், ஒரு சட்டத்தின் 'முடிவு' என்னும் வரி பொருந்துமா என்று ஆராய்வதற்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே.

அந்த மாணவர் தம் முதற்பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். கலம் பற்றிய இரு கருத்துகளையும் எடுத்துரைத்து, எதையும் முடிவாகக் கூறாமல் நிறுத்தியிருக்கிறார். கட்டுரை முன்பிருந்ததைவிட நான்கு பக்கம் நீண்டிருக்கிறது. நான் என் மணல்தொட்டியிலிருந்து போர்ச்சட்டத்தை நீக்கிவிட்டேன். இப்போது அங்கிருப்பது பெயரும், அதைக் குறிக்கும் ஆவணங்களின் பட்டியலும் மட்டுமே. பெட்டி சிறிதாகிவிட்டது, அதில் இருப்பவற்றுக்கு என்னால் பொறுப்பேற்க முடிகிறது.