காருக்குத் தரை, மனுஷனுக்குப் பரணா?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரமுடியலை. போன சனிக்கிழமை ஒரு வாக்குவாதம். அதை எழுதி முடிக்காம வேற வேலை ஓடாது போலிருக்கு.

காலேஜ்ல எனக்கு மூணு வருஷ சீனியர் ஒருத்தர். இன்னும் அண்ணான்னு தான் கூப்பிடுவேன். கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ல வீடு வாங்கியிருக்கார். வீட்டுக்குப் பின்னாடி தனியா ரெண்டு கார் நிக்கிற கராஜ். அதுக்கு மேல, கூரைக்குக் கீழ, பலகை அடிச்ச ஒரு பரண். பழைய ஓனர் கிறிஸ்மஸ் மரம், சூட்கேஸ் எல்லாம் போட்டு வச்சிருந்த இடம்.

"தம்பி, ஒரு கார்ப்பெட் போட்டு, சின்னதா ஏசி மாட்டி, ஒரு பேச்சுலர் பையனை ஏத்தி விட்டுட்டா மாசம் 1,500 டாலர். லோனுக்கு ஆச்சு. என்ன சொல்ற?"

"வேண்டாம்ணே"ன்னு சொன்னேன். அங்க ஆரம்பிச்சது.

நான் ஏன் உடனே வேண்டாம்னு சொன்னேன்னா, அந்தப் பேச்சுலர் பையனா நான் இருந்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே மாதிரி ஒரு கராஜ் பரண்ல தான் குடித்தனம். ஏற இறங்க ஒரு மர ஏணி. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது. ஒரு குளிர்காலக் காலையில ஓனர் கீழ காரை ஸ்டார்ட் பண்ணி சூடாக விட்டுட்டு, போன் பேச உள்ள போயிட்டார். புகை நாத்தத்துல எழுந்திரிச்சு, தலை கிர்ருன்னு சுத்த, அந்த ஏணியில இறங்கினது இன்னிக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. புகை நாத்தமாவது எழுப்பி விட்டுது. கார் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அதுக்குன்னு ஒரு அலாரம் வேணும். அங்க இல்லை.

புகார் பண்ணினேனா? இல்லை. வாடகை கம்மி. ஓனர் நம்மூர்க்காரர், பண்டிகைன்னா கூப்பிட்டு சாப்பாடு போடுவார். எல்லாத்துக்கும் மேல, புகார் பண்ணினா முதல்ல காலியாகப் போறது என் ரூம் தான். அனுமதியில்லாத ரூமோட உண்மையான பிரச்சனையே இது தான் மக்களே. உள்ள இருக்கிறவன் வாயைத் திறக்க முடியாது.

சரி, கதைக்கு வர்றேன். அண்ணன் வீட்டுலயே டேப் எடுத்து அளந்தோம். பரணோட உச்சியில உயரம் 6 அடி 10 அங்குலம். கலிஃபோர்னியா கட்டட விதிப்படி மனுஷன் வாழுற அறைக்குக் குறைஞ்சது 70 சதுர அடி தரையும், 7 அடி உயரமும் வேணும். சரிவான கூரைன்னா தேவையான தரையில பாதிக்காவது 7 அடி இருக்கணும். 5 அடிக்குக் கீழ தாழ்ற இடம் கணக்குலயே வராது. இங்க உச்சியிலயே 7 அடி இல்லை. கூரையைப் பிரிச்சு உயர்த்தினா தான் உண்டு.

அடுத்தது தரை. சாமான் போடுற பரணுக்கு சதுர அடிக்கு 20 பவுண்டு தாங்கினா போதும்னு தான் கணக்கு. படுக்கையறைக்கு 30, மத்த அறைகளுக்கு 40. சூட்கேஸ் தாங்குற பலகை கட்டில், பீரோ, நாலு ஃப்ரெண்ட்ஸ் எல்லாத்தையும் தாங்கும்னு யார் சொன்னது?

அப்புறம் ஜன்னல். படுக்கிற அறைன்னா ஆள் தப்பிக்கிற மாதிரி ஒரு ஜன்னலோ கதவோ வேணும். திறந்தா 5.7 சதுர அடி வழி, குறைஞ்சது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம். ஜன்னலோட அடிவிளிம்பு தரையிலேர்ந்து 44 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. இந்த நம்பர் எல்லாம் அதிகாரிங்க நம்மளைப் படுத்தறதுக்குப் போட்டது இல்லை. புகைக்கு நடுவுல அரைத் தூக்கத்துல ஒருத்தன் வெளிய வரணும், சிலிண்டரை முதுகுல மாட்டின தீயணைப்பு வீரர் உள்ள போகணும். அதுக்கான அளவு. கீழ கார் நின்னா கராஜ் கூரைக்கு 5/8 அங்குல, தீயைத் தாங்குற ஜிப்சம் பலகை. ஏணிக்குப் பதிலா 36 அங்குல அகலத்துல முறையான படிக்கட்டு.

அண்ணன் சிரிச்சார். "டேய், ஹெச்பியே கராஜ்ல ஆரம்பிச்ச ஊருடா இது!"

நல்லாத் தெரியும்ணே. பாலோ ஆல்டோவுல 1938-ல ஹ்யூலெட்டும் பேக்கர்டும் கராஜ்ல மெஷின் வச்சு வேலை பார்த்தாங்க. பேக்கர்டும் அவர் மனைவியும் குடியிருந்தது வீட்டுல. ஹ்யூலெட் தூங்கினது பின்னாடி இருந்த கொட்டகையில. 1998-ல கூகுள்காரங்க மென்லோ பார்க் கராஜை வாடகைக்கு எடுத்ததும் ஆபீஸுக்குத் தான். கராஜ்ல கம்பெனி ஆரம்பிக்கிறது வேற, காருக்கு மேல ஒருத்தனைத் தூங்க வைக்கிறது வேற.

இதே வளைகுடாப் பகுதியில, ஓக்லண்ட்ல, 2016 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி 'கோஸ்ட் ஷிப்'ங்கிற கிடங்கு எரிஞ்சது. குடியிருக்க அனுமதி இல்லாத கட்டடம், ஆனா ஆளுங்க குடியிருந்தாங்க. அன்னிக்கு மாடியில இசை நிகழ்ச்சி. மாடிக்குப் போற படிகள்ல ஒண்ணு மரத்தட்டுகளை அடுக்கி ஒட்டுப்போட்டது. 36 பேர் இறந்துட்டாங்க. அங்க தங்கினவங்க ஏன் தங்கினாங்க? வேற இடத்துல வாடகை கட்டுபடியாகலை. நான் பரண்ல இருந்ததுக்கும் அதே காரணம் தான்.

"அப்படின்னா இந்த மாதிரி ரூமையெல்லாம் இழுத்து மூடிட்டா உன்னை மாதிரி ஆளுங்க எங்க போவாங்க?"ன்னு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மூடணும்னு நான் சொல்லவே இல்லை. முறையா மாத்தணும்னு தான் சொல்றேன். ஒரு காலத்துல அது பெரிய தலைவலி, ஒத்துக்கறேன். இப்ப அந்தச் சாக்கு எடுபடாது. 2017-லேர்ந்து கலிஃபோர்னியாவுல சட்டம் படிப்படியா இளகிடுச்சு. 2020-லேர்ந்து, முழுசா விண்ணப்பம் கொடுத்தா பொது விசாரணை எதுவும் இல்லாம 60 நாள்ல முடிவு சொல்லணும். 750 சதுர அடிக்குள்ள இருந்தா ஊர் வசதிகளுக்காக வாங்குற வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. 2020-க்கு முன்னாடி அனுமதியில்லாம கட்டின வீட்டைக் கூட, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான குறைகளைச் சரி பண்ணிட்டா முறைப்படுத்திக்கலாம்னு 2025-லேர்ந்து ஒரு சட்டம் அமல்ல இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. கராஜை வீடா மாத்தினா, போன பார்க்கிங்குக்குப் பதிலா வேற பார்க்கிங் கட்டச் சொல்லி ஊர் நிர்வாகம் கேட்கக் கூடாது. அதாவது காரை வெளிய நிறுத்திட்டு மனுஷனை உள்ள வைன்னு சட்டமே சொல்லுது.

அதனால நான் சொன்னது இது தான். பரணை விட்டுருங்கண்ணே. கீழ கராஜையே வீடா மாத்துங்க. கான்கிரீட் தரை, நிமிர்ந்து நிக்க உயரம், நேரா தெருவுக்கு வர்ற கதவு. ஈரம் ஏறாம தரையை மூடணும், சுவருக்கு இன்சுலேஷன், பாத்ரூம், சமையல் மேடை எல்லாம் போடணும். செலவு அதிகம் தான், கையைக் கடிக்கும். ஆனா வாடகையைத் தைரியமா ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். வர்ற பையனும் குழாய் ஒழுகினா தைரியமா உங்களைக் கேட்கலாம். உங்க கார் இப்பவும் வாசல்ல தானே நிக்குது? கராஜ் முழுக்க காஸ்ட்கோ டப்பா தானே!

ஆபீஸ்ல ரெண்டு வரி கோடு மாத்தினாக்கூட இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணாம ரிலீஸ் பண்ண மாட்டோம். ஒரு உயிர் தூங்கப் போற அறையை மட்டும் "பார்த்துக்கலாம்டா"ன்னு ரிலீஸ் பண்ணலாமா?

அண்ணன் பதில் சொல்லலை. காபி கொடுத்தார். கிளம்பும்போது, "நீ இருந்தியே அந்த ரூம்ல, இப்ப யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. காலி பண்ணும்போது ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாம நன்றின்னு கைகுலுக்கிட்டு வந்தேன். எனக்கு அப்புறம் அந்த ஏணியில ஏறினவன் யாரோ.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை, பொட்டி தட்டுறவன். சுத்தியலைத் தூக்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் சிட்டி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இப்படிப் பரண்ல இருந்த அனுபவம் உள்ளவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.