எஞ்சினின் நிறமும் ஏட்டின் பாடமும்

பழனிசெட்டிபட்டியில், கம்பம் சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் அண்மையில் ஒரு பகல்பொழுதைக் கழித்தோம். நண்பர் ஒருவர், தம் தந்தை விட்டுச்சென்ற 1968ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 வண்டியைப் பழைய நிலைக்கு மீட்டுக்கொண்டிருக்கிறார். டிங்கரிங், இருக்கை, ஒயரிங் எல்லாம் முடிந்துவிட்டன. கீழே இறக்கி வைத்த எஞ்சினுக்கு என்ன நிறம் பூசுவது என்ற கேள்வியில் வேலை நின்றுபோயிருந்தது. "பேசாம சில்வர் அடிச்சு விட்ருவோம்ணே. பானெட்டைச் சாத்திட்டா யாரு பாக்கப் போறா?" என்றார் மெக்கானிக்.

இலக்கியம் பேசுகிறவர்களுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்களுக்கு அது பதிப்பாசிரியன் எதிர்கொள்ளும் சிக்கலாகவே பட்டது.

எஞ்சினுக்கு நிறம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. வார்ப்பிரும்பு துருவேறாமல் காப்பதும், எண்ணெய்க் கசிவை எளிதில் காட்டிக்கொடுப்பதும் அதன் வேலைகள். தயாரிப்பாளரின் அடையாளமாகவும் அது இருந்தது. ஃபோர்டு நிறுவனம் 1966இல் தன் அமெரிக்க எஞ்சின்கள் அனைத்துக்கும் ஒரே நீலத்தை வைத்தது. அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசை எஞ்சின் அங்கே எம்.ஜி.ஏ. காரில் கருஞ்சிவப்பாக வந்தது. ஆகவே ஆங்கிலக் கையேட்டைப் புரட்டி உத்தரப்பாராவில் தயாரான வண்டிக்கு நிறம் சொல்வது, ஒரு நூலின் சிதைவை வேறொரு நூலைக் கொண்டு நிரப்புவதற்கு ஒப்பாகும். எஞ்சினைத்தான் கேட்க வேண்டும்.

எஞ்சின் பதில் சொல்லும். கேட்கும் முறை தெரிய வேண்டும். கம்பி பிரஷ்ஷும் காஸ்டிக் சோடாவும் சாட்சியத்தை அழித்துவிடும். மண்ணெண்ணெயில் துடைத்து, வெயிலும் கைகளும் எட்டாத இடங்களைப் பார்க்க வேண்டும்: எஞ்சின் மவுண்டின் அடிப்பகுதி, பெட்ரோல் பம்ப்பைக் கழற்றினால் தெரியும் ஓரம், எண் தகட்டின் பின்புறம். அங்கே மெல்லிய எமரித் தாளை நீரில் நனைத்துச் சரிவாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போலப் பூச்சுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். நண்பரின் எஞ்சினில் மேலே வெள்ளி, அதன் கீழே ஒரு சிவப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் இரும்பை ஒட்டிக் கரும்பச்சை.

அடியில் கிடைத்ததையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எண்ணெய் கலந்த எனாமல் பூச்சு இருளில் மஞ்சளேறும். சைலன்சர் மேனிஃபோல்டின் அருகே சூட்டில் கருகும். எனவே ஒரே சாட்சியை நம்பாமல் இரண்டு மூன்று இடங்களை ஒப்பிட வேண்டும். பெயின்ட் கடையில் கலந்து வாங்கிய மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தோன்றும் இரு நிறங்கள் வெயிலில் பிரிந்து நிற்பதுண்டு.

பச்சை என்று முடிவாயிற்று என எண்ணியபோது நண்பர் தயங்கினார். "அந்த வெள்ளி எங்கப்பா கையால அடிச்சது" என்றார். அதுவரை இலகுவாக இருந்த பேச்சு அங்கே கனத்துப்போயிற்று. பச்சை, பெயர் தெரியாத ஒரு தொழிலாளி ஒருநாள் பூசியது. வெள்ளி, அந்த வண்டியோடு வாழ்ந்த மனிதர் பூசியது. இவற்றுள் எது அசல்?

எங்கள் கருத்து இது. மூலம் மூலந்தான், உரை உரைதான். இரண்டும் மதிப்புடையவை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாகாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் காட்டினார். புறநானூற்றில் சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே நிற்கின்றன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன. தாமே எழுதி நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலா போயிற்று?

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2013இல் வெளியிட்ட தூரின் சாசனமும், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றி, ஏறத்தாழ இதையே சொல்கிறது: வண்டியின் வரலாற்றுத் தடயங்களை மதிக்கவேண்டும், செய்த வேலையைப் பதிவு செய்யவேண்டும்.

நம் ஊர்களில் நடப்பதோ நேர்மாறு. கோயில் சிற்பங்களின் மேல் மணலைப் பாய்ச்சி உளியின் கூரை மழுக்கியதைப் பார்த்தவர்கள் நாம். கார்களிலும் தொழிற்சாலை ஒருநாளும் தராத கண்ணாடிப் பளபளப்பை ஏற்றிவிட்டு, அதற்கு 'ஒரிஜினல்' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். பூட்டி முடித்த எஞ்சினின் மேல் போல்ட், கேஸ்கெட் ஓரம் என்று பாராமல் பூசிச்சென்ற தொழிற்சாலைக் கையின் அவசரமும் வரலாற்றின் பகுதியே. அதைத் திருத்துவது மூலத்தைத் திருத்துவதாகும்.

எனவே நண்பரிடம் சொன்னோம்: எஞ்சினுக்குக் கரும்பச்சையே பூசுங்கள். மவுண்டின் அடியில் உள்ளங்கையகல இடத்தை மூன்று பூச்சுகளோடும் அப்படியே விட்டுவிடுங்கள். கலவையின் அளவை எழுதி வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள். டாப்பெட் கவரைத் தொடவேண்டாம். தந்தையின் வெள்ளி அதில் இருக்கட்டும். போட்டிக்குக் கொண்டுபோனால் நடுவர் அதற்கு மதிப்பெண் குறைக்கலாம். குறைத்தால் குறைக்கட்டும். அடிக்குறிப்பு இருப்பதால் எந்த நல்ல பதிப்பும் தாழ்ந்துபோனதில்லை.

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. மெக்கானிக்தான் டாப்பெட் கவரைக் கழற்றி, துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.