யாருடைய கட்டைவிரல்?

"இந்த வயதில் எதற்கு ஆபரேஷன்?" என்று கேட்கிறவர்கள் தாங்கள் பரிவோடு பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கேள்வியில் பரிவு கொஞ்சம். சுயநலம் அதிகம் என்பது என் கட்சி.

கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானம் ஸ்திரீகளுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு, அதிகமாக வருகிறது. கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் குதிரைச் சேணம் போல் வளைந்த ஒரு மூட்டு இருக்கிறது. அந்த விரல் மற்ற நாலு விரல்களுக்கும் எதிரே வந்து நிற்பது அதன் தயவினால்தான். விரல் நுனியால் 1 கிலோ பலத்தோடு ஒன்றைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் சுமார் 12 கிலோ பாரம் விழுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தேய்ந்துபோன மூட்டோடு ஒரு பாட்டில் மூடியைத் திருகுவதும், ஈரப் புடவையைப் பிழிவதும் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தால் யாராவது வயதைக் கணக்குப் பார்க்கிறார்களா? அவர் பத்திரிகை படிக்க வேண்டாமா! பாட்டியின் கட்டைவிரல் என்றால் மட்டும் வயது குறுக்கே வந்து நிற்கிறது. காரணம் இருக்கிறது. கண்ணுக்குச் செய்துகொண்டவர் பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடுவார். கட்டைவிரலுக்குச் செய்துகொண்டவள் சில வாரம் கட்டோடு இருக்க வேண்டும். பிடி பலப்பட மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை தேங்காய் துருவுவது யார்? மாவு பிசைவது யார்? வீட்டாரின் பயமெல்லாம் அடுப்பைப் பற்றியதுதான், ஐயா! அதற்கு அவள் வயதைச் சாக்குச் சொல்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய் ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, "அறுத்தே தீர வேண்டும்" என்று மிரட்டுகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். படத்தில் படுமோசமாகத் தெரிகிற மூட்டு சிலருக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. லேசாகத் தேய்ந்தது சிலரை உயிரோடு வதைக்கிறது. முதலில் விரலை அசையாமல் தாங்கும் பட்டை, பயிற்சி, களிம்பு, தற்காலிக நிவாரணத்துக்கு ஊசி என்று பார்க்க வேண்டும். பலருக்கு இதுவே போதும்.

போதாதவர்களுக்குத்தான் ஆபரேஷன். மூட்டின் அடியிலுள்ள டிரபீஸியம் என்ற சிற்றெலும்பை எடுத்துவிடும் முறையைப் பற்றி கெர்விஸ் என்ற சர்ஜன் 1949-லேயே எழுதிவிட்டார். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தலாம். இருதயம், சர்க்கரை எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும். வயது ஒன்றே தடையாகிவிடாது. வலி பெரும்பாலும் அடங்கும். வாலிபத்தின் பிடி திரும்பாது. சிலருக்கு விரலருகே மரத்துப்போவதும் உண்டு. இத்தனையையும் ஒளிக்காமல் அவளிடமே சொல்ல வேண்டும்.

எழுபதைத் தாண்டிய என் பெரியம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள். "பெரியம்மா, உனக்கு என்ன வேணும்?" என்று நான்தான் கேட்டேன்.

"பூக் கட்டணும்டா" என்றாள்.

பட்டை போட்டால் அவளுக்கு வலி குறைந்தது. ஆனால் பட்டையோடு பூக் கட்ட வரவில்லை. ஒரு தீர்மானத்துக்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியாது. இன்னொருத்தி, "பூவைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன், கத்தி வேண்டாம்" என்று சொல்லலாம். அதுவும் நியாயமே. விரல் அவளுடையது, அதைக்கொண்டு என்ன செய்ய ஆசை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

அவள் ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால், பிள்ளைகளே, அந்த மாதங்களில் அரிவாள்மணை முன்னால் நீங்கள் போய் உட்காருங்கள். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் தயவுசெய்து அவளுடைய வயதைப் பற்றிப் பேச வேண்டாம்.