நான்காம் கூறு

நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டினார் வள்ளுவர். தீவிர இரத்தப் புற்றுநோயைப் பற்றி எண்ணும்போதெல்லாம், இந்நான்கனுள் இறுதிக் கூற்றை நாம் மறந்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுகின்றது.

'வசதி குறைந்த நாட்டில் இந்நோய்க்கு மருத்துவம் ஏது?' எனக் கைவிரிப்போர் உளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவர்களுக்கு விடை தந்துள்ளது. இரத்தப் புற்றுநோயுள் 'புரோமைலோசைட்டிக்' என்பது ஒரு வகை. இரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்க வல்லது. மேலைநாட்டு மருத்துவ முறையின் செலவோ நம் ஏழைகளால் தாங்க இயலாததாக இருந்தது. சித்தர்கள் வெள்ளைப் பாடாணம் என்றழைத்த ஆர்சனிக் டிரையாக்சைடை 1970களிலேயே சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தினர். அதனை மட்டுமே கொண்டு 1998 முதல் 2004 வரை வேலூரில் 72 நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யப்பட்டது. 62 பேருக்கு நோய் முற்றிலும் தணிந்தது. 2006இல் இம்முடிவு வெளியாயிற்று. இன்று உலகெங்கும் இவ்வகை நோய்க்கு ஆர்சனிக் முதன்மை மருந்துகளுள் ஒன்றாகும். நஞ்சே மருந்தாயிற்று, வறுமையே ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று!

ஆக, தீர்ப்பவரும் உளர், மருந்தும் உண்டு. பின்னும் உயிர்கள் பறிபோவதேன்? ஈறுகளில் இரத்தம் கசிவதையும், அடிபடாமலே உடலில் கருநீலத் திட்டுகள் தோன்றுவதையும் பொருட்படுத்தாது நாட்களைக் கடத்துகின்றோம். வேலூர் முறையில், நோய் தணிந்த பின்னரும் ஒரு திங்கள் தொடர் மருத்துவம் வேண்டும்; அதன்பின் மாதத்திற்குப் பத்து நாட்கள் வீதம் ஆறு மாதங்கள் மருந்து ஏற்ற வேண்டும். குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் 'லிம்போபிளாஸ்டிக்' வகைக்கோ ஈராண்டுகளுக்கு மேல் மருத்துவம் தேவை. காய்ச்சல் நீங்கிக் குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், 'குணமாயிற்று' என்று எண்ணி இடையில் நிறுத்திவிடும் பெற்றோர் உளர். நோய் மீண்டும் வருங்கால் முன்னினும் கொடிதாய் வருகின்றது. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவில் கைகொடுக்கலாம். இழந்த நாட்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் தங்கும் அறையின் வாடகையையும் யார் தருவார்?

இங்கேதான் நான்காம் கூறு நம்மை அழைக்கின்றது. மாணவச் செல்வங்களே! இரத்தத் தட்டணுக்களை ஏறத்தாழ ஐந்து நாட்களே சேமித்து வைக்க இயலும். ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வதால் மட்டும் தேவை நிறைவுறாது. அழைத்தபோது செல்லும் கொடையாளர் பட்டியலொன்று நம் கல்லூரியில் என்றும் இருத்தல் வேண்டும். ஜமாஅத் பெரியோர்களே! மருந்தில்லா நோயில்லை என்பது நம் நம்பிக்கை. ரமலானில் ஒருநாள் வழங்கும் உதவியோடு நில்லாது, ஜகாத், ஸதக்கா நிதிகளிலிருந்து ஒரு நோயாளியின் குடும்பத்தை மருத்துவம் முடியும் வரை தாங்குதல் கூடாதா? குருதிக்கும் கண்ணீருக்கும் சமயமில்லை. ஆதலின் ஊரார் அனைவரையும் இப்பணியில் இணைத்துக்கொள்வோம்.

மருத்துவர் தம் பங்கினைச் செய்துவிட்டனர். எஞ்சியிருப்பது நம் பங்கு.