வேரைப் பொறுக்கி எறிந்தோம்

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்ததும் நாம் செய்கிற முதல் வேலை, கல்லையும் சருகையும் வேரையும் பொறுக்கி எறிவது. பிறகு நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறோம். சத்துகளை அளக்க அது சரியான முறைதான். ஆனால் வேரோடு சேர்த்துத்தான் மண்ணைப் படிக்க வேண்டும் என்ற நினைப்பையும் கூடவே எறிந்துவிட்டோம். 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள். தழை, மணி, சாம்பல் சத்தில் தொடங்கி துத்தநாகம், போரான் வரை இருக்கின்றன. அங்ககக் கரிமம்கூட உண்டு. நுண்ணுயிர்களுக்கு ஒரு வரி இல்லை. வேளாண்மை படித்த, ஆய்வு செய்கிற, விவசாயப் பக்கங்களில் எழுதுகிற நாம், ஏன் இல்லை என்று உரக்கக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தெரியாமல் நடந்ததல்ல இது. வேரை ஒட்டிய மண் மற்ற மண்ணைப் போன்றதல்ல, அங்கே நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன என்று ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இலேயே எழுதிவிட்டார். செடி, தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியே மண்ணில் கசியவிடுகிறது. அதைத் தின்னத்தான் அவை கூடுகின்றன. அவற்றில் சில செடிக்குப் பதிலுதவியும் செய்கின்றன. மணிச்சத்தையே எடுத்துக்கொள்வோம்: அது மண்ணில் எளிதில் நகராது. செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், கரிசலில் சுண்ணாம்போடும் கட்டுண்டு கிடக்கும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்துவிட்டால், அதற்கப்பால் பல சென்டிமீட்டர் தூரம் ஊர்ந்து போய்க் கொண்டுவருபவை வேர்ப்பூஞ்சையின் இழைகள். மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணில் செடி அந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். இதையெல்லாம் படித்துத் தேர்வெழுதித் தேறினோம். வயலுக்குப் போனதும் மணிச்சத்துக்கு டிஏபி எத்தனை மூட்டை, தழைச்சத்துக்கு யூரியா எத்தனை மூட்டை என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டோம். மணிச்சத்து 'அதிகம்' என்று வந்த வயலுக்கும் டிஏபி போடச் சொன்னோம்.

உயிர் உரத்தில் நாம் காட்டிய அலட்சியம் இதைவிட மோசம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலத்துக்குள் இருப்பது உயிர், சூடு தாங்காது. அதைத் தகரக் கூரைக்கடியில் உர மூட்டைகளின் மேல் அடுக்கினோம். தேதி பார்க்காமல் கொடுத்தோம். பலன் தெரியவில்லை என்று விவசாயி வந்து சொன்னபோது, அவர் கலந்த விதத்தில்தான் குறை கண்டோம். பொட்டலத்துக்குள் எத்தனை உயிரோடு இருந்தன என்று எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. கொளிஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுததை, கிடை போட்டதை, பழைய வழக்கம் என்று ஒதுக்கினோம். அந்த வயல்களின் வேர்களில் என்ன நடந்தது என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருந்தால் இன்று நம் கையில் நம் மண்ணுக்கான பதில் இருந்திருக்கும்.

இனியாவது பார்ப்போம். காவிரி டெல்டாவில் நெல் தரிசில் உளுந்து பூக்கும் மாசியில், ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பாக்டீரியா பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அந்த வேலை நடக்கவில்லை. யூரியா தாராளமாக விழுந்த வயலில் முடிச்சே குறைவாகத்தான் பிடிக்கும். இதற்கு ஆய்வகம் வேண்டாம், செலவும் இல்லை. பார்த்ததைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் அதைக் காட்டி, ஏன் இப்படி என்று கேளுங்கள்.