ஜவ்வாதுமலையில் ஒரு திட்டம் ஜெயித்ததா, தோற்றதா? மார்க் போடுவது யார்?

2023 மே மாதக் கடைசி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம், ஜவ்வாதுமலைத் தொடரைச் சேர்ந்த அல்லேரி மலை. அங்கே அத்திமரத்துக்கொல்லை என்ற சின்ன ஊரில், ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஒழுங்கான சாலை கிடையாது. மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸும், பாதை மோசம் என்று பாதி வழியிலேயே இறக்கிவிட்டது. மீதி தூரம் முழுக்கப் பெற்ற தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி நடந்தார்.

இப்போது கொஞ்சம் கல்நெஞ்சோடு, ஆபீஸில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவர் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் இருந்ததா? இருந்தது. அரசு மருத்துவமனை? இருந்தது. பிரேதப் பரிசோதனை? நடந்தது. அவரவர் படிவத்தில் அவரவர் கட்டத்துக்கு டிக் விழுந்துவிடும். 'மழை பெய்தால் இந்த ஊருக்கு வண்டி வருமா?' என்ற கட்டம் எந்தத் துறையின் படிவத்தில் இருக்கிறது?

திட்ட மதிப்பீடு என்ற பேச்சை எடுத்தாலே பலருக்குக் கொட்டாவி வரும். ஏதோ ஃபைல் சமாச்சாரம் என்று தோன்றும். ஆனால், 'எங்களை ஆள உங்களுக்கு என்ன உரிமை?' என்று ஓர் அரசைக் கேட்டால், அது இரண்டு பதில் சொல்லும். ஒன்று, நீங்கள் ஓட்டுப் போட்டீர்கள். இன்னொன்று, சொன்னதைச் செய்தோம், அதனால் உங்கள் வாழ்க்கை மாறியது. முதல் பதிலைச் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் இருக்கிறது. இரண்டாவதைச் சரிபார்ப்பது யார்? பெரும்பாலும், செய்தவரேதான்.

தமிழ்நாடு இதில் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. திட்டங்களை மதிப்பிடுவதற்கென்றே மாநில அரசில் தனித் துறை இருக்கிறது. ஏழைகளுக்கான திட்டங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா என்று களத்தில் சோதிக்கும் ஜே-பால் ஆய்வு மையத்துடன் 2014-லேயே அரசு கைகோத்தது. இல்லம் தேடிக் கல்வியை எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் குழந்தைகள் எவ்வளவு இழந்தார்கள், திறந்த பிறகு எவ்வளவு மீண்டார்கள் என்று கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதத்துக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

நல்ல வேலை. இப்படி ஓர் எண் கையில் இல்லாவிட்டால், ஆளுங்கட்சி 'அமோக வெற்றி' என்னும், எதிர்க்கட்சி 'படுதோல்வி' என்னும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அறிக்கைகள் எல்லாம் மேல்நோக்கிப் போகிறவை. தலைமைச் செயலகத்துக்குப் போகும், ஆய்விதழுக்குப் போகும். மலைமேல் இருப்பவர் அதில் ஒரு புள்ளி. சில சமயம் அந்தப் புள்ளியாகக்கூட இருப்பதில்லை. ஜவ்வாதுமலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பங்குபோட்டுக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் சுமார் 24.6 லட்சம் பேர். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள குக்கிராமங்களின் நிலைமை அந்த மாவட்ட சராசரிக்குள் கரைந்துபோகும். புதூர்நாட்டின் நிலைமை திருப்பத்தூர் சராசரிக்குள் கரையும். ஒரே மலை, ஒரே மலையாளி பழங்குடி மக்கள், ஆனால் மூன்று எக்செல் ஷீட்.

'அதான் ஓட்டுப் போடுறாங்களே?'

போடுகிறார்கள். அந்த ஓட்டும் கலசபாக்கம், அணைக்கட்டு, திருப்பத்தூர் என்று பிரிந்துதான் விழுகிறது. மூன்றும் பொதுத் தொகுதிகள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே. எந்தத் தொகுதியிலும் மலை ஓட்டு மட்டும் ஒருவரை ஜெயிக்க வைக்காது, தோற்கடிக்கவும் செய்யாது. அது மட்டுமா, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தும் ஒரு பட்டனில், சாலைக்கு ஒரு மார்க், ரேஷனுக்கு ஒரு மார்க், பள்ளிக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போடவும் வழியில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாதுமலைப் பகுதி ஆட்களும் இருந்தார்கள். போலி என்கவுன்ட்டரா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது, எழவேண்டிய கேள்விதான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் இருந்தது. சட்டப்படி நூறு நாள் வேலை உள்ள ஊர்களிலிருந்து, உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்ட ஆட்கள் ஏன் கிளம்பினார்கள்? அந்த வேலைத் திட்டம் மலையில் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடக் கறாரான மதிப்பீட்டை எந்த ஏஜென்சியும் எழுதித்தர முடியாது.

சட்டத்தில் வழி இல்லையா?

இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அரசுக் கணக்குகளை மக்கள் நடுவில் உரக்கப் படித்தது. செய்யாத வேலைக்குச் செலவு எழுதியிருந்தது ஊர் முன்னால் அம்பலமானது. அங்கே கிளம்பிய பொறிதான் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் சமூகத் தணிக்கைக்கும் வழிவிட்டது. 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-வது பிரிவில், வேலைகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்தது.

பழங்குடிப் பகுதிகளுக்கு இதைவிட வலுவான ஒன்று உண்டு. 1996-ன் பெசா சட்டப்படி, ஊராட்சி ஒரு திட்டத்துக்குச் செலவு செய்தால், பணம் சரியாகச் செலவானது என்ற சான்றிதழைக் கிராம சபையிடம்தான் வாங்க வேண்டும். அதிகாரி அதிகாரிக்குக் கொடுக்கிற காகிதத்தை ஊர் கொடுக்கும். ஆனால் இந்தச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். அப்படிப்பட்ட பகுதிகள் பத்து மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆக, ஜவ்வாதுமலைக்கு அது பொருந்தாது.

வன உரிமைச் சட்டம் பொருந்தும். 2006-ல் வந்த அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை உட்பட 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 'காட்டு நிலம், சாலை போட முடியாது' என்ற வழக்கமான பதிலுக்கு இதில் பெரும்பாலும் மறுமொழி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்து, 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்த முட்டுக்கட்டை நீங்கியது.

சரி, கிராம சபை என்ன நிலையில் இருக்கிறது? தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. சமவெளியில் ஊராட்சி ஆபீஸ் பொடிநடை தூரம். மலையில் ஓர் ஊராட்சிக்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குக்கிராமங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, குன்று ஏறி இறங்கி வந்து உட்கார்ந்தால், ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானத்தை வாசித்து நோட்டில் கையெழுத்துக் கேட்கும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? வன உரிமைச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு, குக்கிராம அளவிலேயே சபை கூட இடம் தருகிறது. அதே வழக்கத்தை எல்லாத் திட்டத்துக்கும் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பதை மாநிலமே சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 243ஏ பிரிவு. பெசாவில் உள்ள செலவுச் சான்றிதழ் அதிகாரத்தை மலை ஊராட்சிகளுக்குக் கொடுக்க டெல்லியின் தயவு வேண்டியதில்லை, கோட்டையில் ஒரு சட்டத்திருத்தம் போதும்.

அதிகாரிகள் சொல்லும் மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ஊர்க் கூட்டம் என்றால் ஊர்ப் பெரிய மனுஷன் சொல்வதுதான் நடக்கும், கான்ட்ராக்டர் கையெழுத்தை விலைக்கு வாங்கிவிடுவான் என்பார்கள். நடக்கும்தான். இன்னும் கசப்பான பாடம் ஒன்றும் இருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திராவில் சமூகத் தணிக்கை நாட்டுக்கே முன்மாதிரியாக நடந்தது. முறைகேடுகள் குவியல் குவியலாக வெளியே வந்தன. திரும்ப வசூலான பணமோ அதில் சிறு பகுதிதான். கண்டுபிடித்தும் எதுவும் நடக்கவில்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு ஜனங்கள் வரமாட்டார்கள். தவறு எதுவும் சொல்லாத சாமர்த்தியசாலிகள் மட்டும் வருவார்கள். மேகாலயா 2017-ல் அரசுத் திட்டங்களின் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதிலும் பாதிக் கடினம், சட்டம் வந்த பிறகுதான்.

மேலே இருந்து மதிப்பிடுவதும் அப்படியொன்றும் பத்திரமான ஏற்பாடு இல்லை. மத்திய அரசு சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம் என்ற ஒன்றை ஆரம்பித்தது. 2013-ல் அதற்குத் தலைவர் வந்தார், 2014-ல் ஆட்சி மாறியதும் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். மேலே இருப்பவர் ஒரு கையெழுத்தில் மூடக்கூடிய கண்ணை நம்பி அத்திமரத்துக்கொல்லை காத்திருக்க வேண்டுமா?

அங்கே தேவைப்படுவது பெரிய கருவி எதுவும் இல்லை. குக்கிராமத்துக்கு ஒரு தாள் போதும். போன மழைக்காலத்தில் எத்தனை நாள் வண்டி வரவில்லை, நர்ஸ் எத்தனை முறை வந்தார், பள்ளியில் எத்தனை நாள் வாத்தியார் இருந்தார் என்று ஊரே கூடி நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாள் வராமல் அடுத்த தவணைப் பணம் விடுவிக்கப்படக் கூடாது. முதல் வருஷம் மாவட்ட ஆட்சியருக்குத் தலைவலிதான்.