'காலனி'க்கு ஆங்கிலத்தில் என்ன?

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லில் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அது ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தில் அதற்குச் சாதி கிடையாது. நம் ஊருக்கு வந்த பிறகுதான் அதற்குச் சாதி வந்தது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது இரும்பை. அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி, தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டம், வட்டம், ஏரி, கோயில் எல்லாம் சுலபமாக வந்துவிடும். 'நான் காலனியில் குடியிருக்கிறேன்' என்று எழுதும்போதுதான் நின்றுபோவாள். கைபேசிச் செயலியில் போட்டால் அது காலனியைக் காலனி என்றே மாற்றித் தரும். அதைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் ஏதோ குடியிருப்பு நகர் என்று நினைத்துக்கொள்வார். தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் அவள் விளக்கியாக வேண்டும். ஊர் ஏன் இரண்டாக இருக்கிறது? யார் பிரித்தார்கள்? சாமி ஊர்வலம் எந்தத் தெரு வரை வரும்? சுடுகாட்டுக்கு ஏன் தனிப் பாதை?

தமிழில் எழுதியிருந்தால் இந்தக் கேள்விகள் வந்திருக்காது. 'காலனி' என்று ஒரு சொல் எழுதினால் போதும், படிக்கிறவருக்கு எல்லாம் விளங்கிவிடும். விளங்கிவிடுவதுதான் சிக்கல். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. விளக்கப்படாமல் கிடப்பது இயற்கை போல ஆகிவிடுகிறது. நம் சாதியை அறியாத ஒருவருக்கு, நமக்குப் பழகாத ஒரு மொழியில் அதைச் சொல்ல முயலும்போதுதான், இது இயற்கை அல்ல, யாரோ செய்துவைத்த ஏற்பாடு என்பது எழுதுகிறவளுக்கே உறைக்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுவதால் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் முதல் வளர்ச்சி இது. வேலைவாய்ப்பெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு நம் கையில் இருக்கும் மிகப் பெரிய சான்று அண்ணல் அம்பேத்கர். பள்ளியில் அவர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாதவர் என்பதால் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. எந்த மொழியை யார் படிக்கலாம் என்பதையும் சாதிதான் முடிவு செய்தது. 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே 9 அன்று, பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. தாய்மொழி மராத்தி. எழுதியது ஆங்கிலத்தில்.

அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேட்கிறவர்களுக்குச் சாதி அனுபவம் கிடையாது. அதனால் அவர் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சாதி என்றால் என்ன என்று அதுவரை மற்ற அறிஞர்கள் சொன்ன வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது போதாது என்று காட்டி, கடைசியில் அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்ற முடிவுக்கு வருகிறார். சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவற்றை அந்த ஒரு முடிவிலிருந்தே விளக்குகிறார். தன்னை வகுப்பறைக்கு வெளியே உட்கார வைத்த ஒரு கொடுமையை, ஆராயத்தக்க ஒரு பொருளாக மேசைமேல் எடுத்து வைக்கிறார். வேதனை குறையவில்லை. ஆனால் இப்போது அது அவர் கையில் இருக்கிறது. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதிய கை, 1916இல் இப்படித்தான் பழகியது.

இங்கே இன்றைய செய்தி ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவித்தொகை கிடையாது என்று அதில் சேர்த்தார்கள். அதாவது 1916இல் அம்பேத்கர் எழுதிய தலைப்பை இன்று ஒரு தலித் மாணவர் வெளிநாட்டில் ஆராயப் போனால், அந்த விதிப்படி அவருக்குப் பணம் இல்லை. நாம் உலகத்துக்கு எழுதுவதைக் கண்டு யாருக்கு அச்சம் என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஆங்கிலம் தூய்மையான மொழி, அதில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்டவன், வெறுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலேயர் இன்றும் எழுதும் 'பரையா' என்ற சொல் எங்கிருந்து போனது? நம் மக்களின் பெயரிலிருந்து போனது. உலகச் செய்தித்தாள்கள் ஒரு நாட்டை விலக்கி வைக்க வேண்டுமானால் அந்தச் சொல்லைத்தான் போடுகின்றன. ஆக, நாம் ஆங்கிலத்தில் எழுதும் முன்பே ஆங்கிலம் நம்மை எழுதிவிட்டது. அதைத் திருத்த வேண்டுமானால் வெளியே நின்று கோபப்பட்டால் போதாது, உள்ளே போய் எழுத வேண்டும்.

அப்படி உள்ளே போனவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. நல்ல அறிக்கைதான். ஆனால் நம்மைப் பற்றி இன்னொருவர் எழுதியது. அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3412 பேர் கையெழுத்திட்ட மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். தேர்வு இங்கே நடந்தால் ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாகி நம் மக்களை நசுக்குவார்கள் என்பது அவர் வாதம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மக்களிடம் பேசத் தமிழ், அதிகாரத்திடம் பேச ஆங்கிலம். அம்பேத்கரும் அதையே செய்தார். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் ஆங்கிலத்தில் சாட்சியம், 1920இல் மராத்தியில் 'மூக்நாயக்'. தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு ஓடியவர்கள் அல்ல இவர்கள். இரண்டு கையாலும் எழுதியவர்கள்.

'நமக்கு எதற்கு ஆங்கிலம்? தமிழிலேயே எழுதலாமே' என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்த தமிழ் யாருடைய தமிழ்? வீட்டில் பேசும் பேச்சைப் பள்ளியில் பேசினால் 'சேரிப் பாஷை' என்று சிரித்த வகுப்பறைகளில்தான் நம்மில் பலர் படித்து வந்தோம். பாடநூல் தமிழே நமக்கு இரண்டாம் மொழிதான். 1992இல் பாமா 'கருக்கு' எழுதியபோது, தன் மக்களின் பேச்சு மொழியிலேயே எழுதினார். இதெல்லாம் இலக்கிய மொழியா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அது கிராஸ்வேர்ட் விருது பெற்றது, பல பல்கலைக்கழகங்களில் பாடமானது. ஆகவே எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது மட்டும் கேள்வி அல்ல. நம் பேச்சை நம்பி எழுதுகிறோமா, வெட்கப்பட்டுக்கொண்டு எழுதுகிறோமா என்பதும் கேள்வி. தன் பேச்சை நம்பாதவர் இரண்டாம் மொழிக்குப் போனாலும் அங்கேயும் ஒதுங்கித்தான் நிற்பார்.

ஆங்கிலத்தைத் தெய்வமாகக் கும்பிடுவதும் தீர்வாகாது. 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில், சந்திரபான் பிரசாத்தின் முன்முயற்சியில் ஆங்கிலத் தாய்க்கு ஒரு கோயில் எழுப்பும் வேலை தொடங்கியது. அதன் பின்னே இருக்கும் ஏக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் கோயிலில் பக்தர்தான் இருக்க முடியும், எழுத்தாளர் இருக்க முடியாது. நாக்பூரைச் சேர்ந்த யோகேஷ் மைத்ரேயாவின் வழி எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுகிறது. மராத்தி பேசும் தலித் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத்தைப் பின்னால் கைவசப்படுத்தி, மராத்தி தலித் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்டுவர 'பாந்தர்ஸ் பா' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். 2023இல் தன் வாழ்க்கையையே ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அவர் கும்பிடவில்லை, எழுதினார்.

இனி இரும்பைப் பக்கம் வருவோம். 1968இல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து அதைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கேட்டுப் பழகிய ஓசை. திண்டிவனம், விழுப்புரம் நகரங்களில் பேச்சு ஆங்கில வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது எந்த ஆங்கிலம்? விருந்தினரை வரவேற்கும் ஆங்கிலம், கடையில் விலை சொல்லும் ஆங்கிலம், 'எஸ் மேடம்' ஆங்கிலம். வயிற்றுப்பாட்டுக்கு அது வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சு ஆங்கிலம் பதில் சொல்லக் கற்றுத்தருகிறது. எழுத்து ஆங்கிலம்தான் கேள்வி கேட்கவும் வாதாடவும் கற்றுத்தருகிறது.

அது இல்லாமல் போவதன் விலையை நாம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மொழி இன்னும் ஆங்கிலம்தான். நம் அம்மாக்கள் தங்களுக்கு நடந்த கொடுமையை விவரிக்கும் பிரமாணப் பத்திரத்தில், அதைப் படிக்க முடியாமலே கைநாட்டு வைக்கிறார்கள். அதில் 'சாதி சொல்லித் திட்டினான்' என்பது இருக்கிறதா, 'இரு தரப்பினரிடையே தகராறு' என்று மாறிவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரியில் வழக்கே போய்விடும். பஞ்சமி நில உரிமைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்ட நிலத்தின் உரிமை ஒரு நூற்றாண்டாக ஆங்கில அரசாணையில் எழுதியே இருந்தது. நிலத்துக்கு உரியவர்கள் அதைப் படிக்கும் இடத்தில் இல்லை.

அதனால் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். நாளுக்கு அரைப் பக்கம் எழுதுங்கள். முதலில் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். செயலியிடம் கொடுக்காமல் நீங்களே எழுதுங்கள். எந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லையோ அங்கே அடிக்கோடு போடுங்கள். சேரி, காலனி, படியாள், வெட்டியான், தனிக்குவளை. அந்த அடிக்கோடுகள்தான் நீங்கள் எழுத வேண்டிய கட்டுரைகள். இலக்கணப் பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வாக்கியத்தில் பிழை இருந்தால் திருத்தித் தர நூறு பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் நடந்ததை உங்களுக்குப் பதிலாக எழுத ஒருவரும் இல்லை. எழுதினாலும் 1891 அறிக்கை போல அது நம்மைப் பற்றியதாக இருக்குமே தவிர, நம்முடையதாக இருக்காது.

நம் பகுதிகளில் மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குத் தயார் செய்வதோடு நிற்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளை எழுத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு தகவல் உரிமை மனுவை, ஒரு கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை, ஒரு புகாரைப் பிள்ளைகளே இரண்டு மொழியிலும் எழுதட்டும். எழுதியதை எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். 'காலனி' என்ற சொல்லை அரசாணை எடுத்துவிடலாம். அந்தச் சொல் எதை மறைத்தது என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்ய அரசாணையால் முடியாது. அது நம் பிள்ளைகளின் வேலை.

ஜெய்பீம்.